கிதார் இல்லாத ஃபாடோ ஃபாடோதானா? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம், போர்ச்சுகலின் ஃபாடோ என்ற சோகப் பாட்டு வகையைப் பாடும் ஆனா மோராவைப் பற்றி இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் நாலு வரியோடு தப்பிக்க முடியாது போலிருக்கிறது. ஆகவே இந்த மாதம் பக்கம் முழுக்க போர்ச்சுகல்தான். வேறு கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபாடோ என்று தேடிக் கேட்டேன். கறுப்புச் சால்வை போர்த்திய அம்மா ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அழுகிற மாதிரி பாடுகிறார். இதையெல்லாம் அந்த ஊர் இளைஞர்கள் கேட்கிறார்களா என்ன? – வாசகர், காரைக்குடி

இப்போது கேட்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் லிஸ்பன் கல்லூரிப் பையன் ஒருவனிடம் கேட்டிருந்தால் முகத்தைச் சுளித்திருப்பான். பாட்டு பிடிக்காமல் இல்லை, அந்தப் பாட்டின் மேல் படிந்திருந்த அரசியல் பிடிக்காமல்.

ஃபாடோ 19ஆம் நூற்றாண்டில் லிஸ்பனின் மொராரியா, அல்ஃபாமா மாதிரியான பேட்டைகளில், சாராயக்கடையிலும் துறைமுகத்து ஓரத்திலும் வளர்ந்த பாட்டு. அதன் முதல் நட்சத்திரமாகச் சொல்லப்படும் மரியா செவேரா ஒரு விலைமகள், 1846இல் சாகும்போது வயது 26. அப்படிப்பட்ட பாட்டை 1926 ராணுவப் புரட்சிக்குப் பின் வந்த அரசு பிடித்து உட்காரவைத்தது. 1927இல் ஒரு சட்டம் போட்டு, பாடுகிறவர்களுக்கு உரிமச்சீட்டு, பாட்டு வரிகளுக்குத் தணிக்கை என்று கொண்டுவந்தார்கள். கலகலவென்று இருந்தது, ஏதோ பூஜை மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் அதையே நாட்டின் முகமாக வெளியே காட்டவும் செய்தார்கள். ‘ஃபாடோ, ஃபாத்திமா (மாதா கோயில் ஊர்), ஃபுட்பால்’ என்று மூன்று ‘ஃப’வைச் சேர்த்துச் சொல்லி, சர்வாதிகாரம் ஜனங்களைத் தூங்கவைத்த மருந்து இதுதான் என்று கிண்டல் செய்வார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

1974 ஏப்ரல் 25இல் அந்த ஆட்சி கவிழ்ந்ததும் ஃபாடோவுக்கும் சேர்த்து அடி விழுந்தது. மாபெரும் பாடகி அமாலியா ரொட்ரிகெஸே பழைய ஆட்சியின் ஆள் என்று சந்தேகிக்கப்பட்டார். அதே அமாலியா 1999இல் இறந்தபோது அரசு மூன்று நாள் தேசிய துக்கம் அறிவித்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இருபத்தைந்து வருஷத்தில்தான் நீங்கள் கேட்கிற கேள்வியின் பதில் இருக்கிறது. 1974க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தக் கசப்பு கிடையாது. அவர்களுக்கு ஃபாடோ பாட்டி சமையலறையில் முணுமுணுத்த பாட்டு, அவ்வளவுதான். பாட்டியிடம் எடுத்த புடவையை வெட்டி சட்டை தைத்துக்கொள்ள அவர்களுக்குக் கூச்சமில்லை.

பழைய ஃபாடோவைப் புதுச் சத்தத்தில் முதலில் பாடிப் பார்த்தது யார்? – வாசகி, திருச்சி

‘முதலில்’ என்று யாரைச் சொன்னாலும் சண்டைக்கு வருவார்கள். எனக்குப் பிடித்தவரைச் சொல்கிறேன். அன்டோனியோ வாரியாஸோயிஷ் என்று ஒரு முடிதிருத்துபவர். ஆமாம், லிஸ்பனில் சலூன் வைத்திருந்தவர். நாட்டின் வடக்கே, பிராகா நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் 1944இல் பிறந்தவர், இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது, மனதில் தோன்றுகிற மெட்டை டேப்பில் பாடிப் பதிவுசெய்து வைப்பார். தன் பாட்டு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அவர் கொடுத்த விளக்கம் இன்னும் மேற்கோளாகச் சுற்றுகிறது: பிராகாவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் எங்கேயோ இருக்கவேண்டுமாம். 1982இல் வந்த முதல் இசைத்தட்டிலேயே அமாலியாவின் புகழ்பெற்ற பாட்டு ஒன்றை எடுத்து, எண்பதுகளின் ராக் சத்தத்தோடு பாடினார். தாடியும் காதணியும் விசித்திர உடையும், குரலில் மட்டும் கிராமத்துத் திருவிழாவின் இழுவை. இரண்டே ஆல்பம். 1984இல், 39 வயதில் போய்விட்டார். அவர் விட்டுப்போன டேப்புகளில் வெளிவராமல் கிடந்த பாட்டுகளை எடுத்து, 2004இல் ‘ஹுமானுஷ்’ என்ற பெயரில் சில பாடகர்கள் சேர்ந்து ஆல்பம் போட்டார்கள். அது ஊரையே கலக்கியது. இருபது வருஷம் பழைய டேப்பில் இருந்த பாட்டு புதுப்பாட்டு மாதிரி ஒலித்தது.

ஃபாடோவில் வரும் கிதார் சத்தம் வழக்கமான கிதார் போல இல்லையே, மாண்டலின் மாதிரி கணீரென்று கேட்கிறது. என்ன கருவி அது? – வாசகர், கோயம்புத்தூர்

நல்ல காது. அதன் பெயர் கித்தாரா போர்த்துகேசா. பேரிக்காயை நெடுக்காகப் பாதியாக வெட்டியது போன்ற உடம்பு, பன்னிரண்டு கம்பிகள் ஜோடி ஜோடியாக ஆறு வரிசை, எல்லாம் உலோகக் கம்பி. முறுக்காணிகளைக் கவனியுங்கள்: பக்கவாட்டில் இருக்காது, தலையில் விசிறி விரித்த மாதிரி நிற்கும். வாசிப்பவர் விரலில் செயற்கை நகம் மாட்டிக்கொள்வார். நாம் கிதார் என்று சொல்கிற சாதாரணக் கருவிக்கு அங்கே வயோலா என்று பெயர், அது பின்னால் உட்கார்ந்து தாளமும் ஸ்வரக்கட்டும் கொடுக்கும்.

இன்னொரு விஷயம். கருவியின் தலை நுனி நத்தை மாதிரி சுருண்டிருந்தால் லிஸ்பன் வகை. கண்ணீர்த் துளி மாதிரி இருந்தால் கொய்ம்ப்ரா வகை. கொய்ம்ப்ரா பழைய பல்கலைக்கழக ஊர், அங்கே கறுப்பு அங்கி போட்ட மாணவர்கள், ஆண்கள் மட்டும் பாடுகிற தனிச் சம்பிரதாயம் ஒன்று உண்டு. அந்த ஊர் வாசிப்பிலிருந்து வந்தவர்தான் கார்லோஸ் பரேதேஸ். பாடகருக்குப் பின்னால் நின்ற அந்தக் கருவியைத் தனியாக மேடை ஏற்றியவர். அவர் வாசிக்கும்போது மூச்சு வாங்குகிற சத்தம்கூட ஒலிப்பதிவில் கேட்கும். முதலில் எனக்கு அது இடைஞ்சலாக இருந்தது, இப்போது அது இல்லாமல் கேட்கப் பிடிக்கவில்லை.

பாரம்பரிய இசையில் சிந்தசைஸரைப் போட்டு அடித்தால் அது கலப்படம்தானே? இதற்கு ஏன் இவ்வளவு பாராட்டு? – வாசகர், தஞ்சாவூர்

கோபம் புரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஃபாடோ பதிவுக்கு அடியில் ‘டிக்கு டிக்கு’ என்று ஒரு டிரம் மெஷினை ஓடவிட்டு, சுற்றுலாப்பயணிகள் சாப்பிடுகிற உணவகத்தில் போடுகிறார்கள். அதைக் கலப்படம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதலில் ஃபாடோ எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். மரபான ஃபாடோ மெட்டுகள் ஏராளமாக இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். மெட்டு ஊருக்குப் பொது, வரிகள் பாடகரின் விருப்பம். பழைய பாட்டுப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே ‘இன்ன பாட்டு மெட்டு’ என்று போட்டிருப்பார்களே, அதே விஷயம்தான். பிடித்த கவிதையை எடுத்து, அளவு ஒத்துவரும் மெட்டில் உட்காரவைத்துப் பாடலாம், இன்றைக்கு ஒரு மாதிரி நாளைக்கு ஒரு மாதிரி. அமாலியாவே அறுபதுகளில் ஆலன் உல்மான் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து, புது விதமான ஸ்வர அமைப்பில் பெரிய கவிஞர்களின் வரிகளைப் பாடினார். 16ஆம் நூற்றாண்டு மகாகவி கமோயின்ஷின் கவிதையை அவர் பாடியபோது, சாராயக்கடைப் பாட்டில் மகாகவியா என்று பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்தது. இன்றைக்கு அந்தப் பதிவுகளைத்தான் ‘சுத்தமான பழைய ஃபாடோ’ என்கிறோம்!

சரி, இப்போது ஓர் உதாரணம். ஃபாடோ விடுதிகளில் பாடிப் பழகிய லினா என்ற பாடகியும் ஸ்பெயின் நாட்டு இசையமைப்பாளர் ராவுல் ரெஃப்ரேயும் சேர்ந்து 2020இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். பெரும்பாலும் அமாலியா பாடிய பாட்டுகள். ஆனால் கித்தாரா கிடையாது, பியானோவும் பழைய வகை சிந்தசைஸர்களும்தான். வழக்கமான ஃபாடோவில் பாடகர் ஒரு வரியை முடித்தவுடன் கித்தாரா ஓடிவந்து பதில் சொல்லும், நம் கச்சேரியில் வயலின் வருவது போல. இந்த ஆல்பத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறது. சில நேரம் அடியில் ஒரு கனத்த ரீங்காரம் மட்டும். காது பழக்கத்தால் கித்தாராவை எதிர்பார்க்கிறது, அது வருவதில்லை, அதனால் பாடகி மூச்சை இழுப்பது, கடைசி எழுத்தை விடாமல் பிடித்திருப்பது எல்லாம் பெரிதாகத் தெரிகிறது. லினா தன் பாட்டில் ஒரு சங்கதியைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. எடுத்துவிட்ட பொருள் என்ன என்று தெரிந்து எடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது ஃபாடோதான்.

தலைகீழாகவும் நடக்கும். டெயோலிண்டா என்ற குழு 2008இல் முதல் ஆல்பம் போட்டபோது எல்லாரும் ‘புது ஃபாடோ’ என்று கொண்டாடினார்கள். அவர்களிடமும் கித்தாரா இல்லை, சாதாரண கிதார் இரண்டும் ஒரு டபுள் பேஸும்தான், பாடகி ஆனா பகல்யாவ் சால்வைக்குப் பதில் கலர் கலராக உடுத்திக்கொண்டு நக்கலாகப் பாடுவார். 2011இல் அவர்கள் பாடிய ‘பார்வா கே சோ’ என்ற பாட்டு, அதாவது ‘நான் எத்தனை முட்டாள்’, படித்துவிட்டுச் சம்பளமில்லாமல் பயிற்சி வேலை பார்க்கும் தலைமுறையின் புலம்பல். அந்த மார்ச் மாதம் இளைஞர்கள் தெருவுக்கு வந்தபோது அதுதான் அவர்களுடைய பாட்டாக இருந்தது. அழுகைக்குப் பேர்போன மரபிலிருந்து கிளம்பிய ஒன்று இப்படியும் போகும்.

போர்ச்சுகல் என்றால் ஃபாடோ மட்டும்தானா? கிராமத்துப் பாட்டு எதுவும் இல்லையா? – வாசகர், தென்காசி

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஃபாடோ நகரத்துச் சரக்கு. கிராமத்துக்குப் போனால் கதையே வேறு, இன்றைய புது ஆட்கள் தோண்டுவதும் அதிகமாக அங்கேதான்.

கிழக்கே பெய்ரா பாய்ஷா என்ற பகுதியில் அடுஃபே என்று ஒரு சதுரக் கொட்டு இருக்கிறது. நான்கு சட்டம், இரண்டு பக்கமும் தோல், உள்ளே விதையோ கூழாங்கல்லோ போட்டிருப்பார்கள், தட்டும்போது சலசலக்கும். இரண்டு கட்டை விரலாலும் வலது ஆட்காட்டி விரலாலும் ஏந்திக்கொண்டு மிச்ச விரல்களால் அடிப்பார்கள். வாசிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், பாடிக்கொண்டே அடிப்பார்கள். பெயர் அரபியிலிருந்து வந்தது, நம்மூர் பக்கீர்மார் கையில் பார்க்கிற தப்ஸுக்கும் அதே அரபுச் சொல்தான் மூலம்.

தெற்கே அலென்டேஜோ சமவெளியில் காந்தே. கருவியே கிடையாது. ஒருவர் தனியாக எடுத்துக்கொடுப்பார், இன்னொருவர் கொஞ்சம் மேலே ஏறிப் பிடிப்பார், பிறகு மொத்தக் கூட்டமும் தோளோடு தோள் சேர்ந்து மெல்ல அசைந்தபடி பாடும். ஃபாடோவுக்கு 2011இல் யுனெஸ்கோ அங்கீகாரம், காந்தேவுக்கு 2014இல். ஜோசே அஃபோன்சோ என்ற பாடகர் 1971 ஆல்பத்தில் இந்த காந்தே பாணியில் ‘க்ராந்தொலா’ என்ற பாட்டைப் பதிவுசெய்தார், பாரீசுக்கு வெளியே ஒரு ஸ்டூடியோவில். பாட்டின் ஆரம்பத்தில் சரளைக் கல் மேல் கால்கள் சேர்ந்து நடக்கிற சத்தம் வரும், வேலை முடிந்து வயலிலிருந்து கைகோத்துத் திரும்பும் கூலிக்காரர்கள் மாதிரி. தாளக்கருவி அந்தச் செருப்புச் சத்தம்தான். 1974 ஏப்ரல் 25 நள்ளிரவு தாண்டி ரேடியோவில் இந்தப் பாட்டு ஒலித்ததுதான் ராணுவ வீரர்களுக்குக் கிளம்புங்கள் என்ற சைகை. கிராமத்துப் பாட்டையும் ஒலிப்பதிவுக்கூட வித்தையையும் கலப்பது நேற்றைக்கு ஆரம்பித்த ஃபேஷன் என்று யாராவது சொன்னால் அந்தக் காலடிச் சத்தத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

இதையெல்லாம் பதிவுசெய்து காப்பாற்றியவர்களில் முக்கியமானவர் கோர்சிகா தீவுக்காரர் மிஷெல் ஜாக்கொமெத்தி. 1959இல் போர்ச்சுகல் வந்தவர், ஊர் ஊராகப் போய் உழவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று டேப்பில் பிடித்தார். அரசு நடத்திய நாட்டுப்புறக் குழுக்கள் இஸ்திரி போட்ட உடையில் சிரித்துக்கொண்டு ஆடிய காலத்தில், இவர் பதிவுகளில் வியர்வை தெரிந்தது. பின்னால் வந்தவர்கள் போய் நிற்கும் கிணறு அது.

இந்த வகையில் இப்போது எனக்குப் பிடித்தவர் ஆனா லுவா கயானோ. மேடையில் ஒற்றை ஆள். ஒரு பெரிய முரசு, ஒரு சிந்தசைஸர், காலடியில் லூப் பெடல். முரசை நாலு அடி அடிப்பார், பெடல் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓட்டும். அதன் மேல் ஒரு வரி பாடுவார், அதையும் பிடித்துக்கொள்ளும், அதன் மேல் இன்னொரு குரல். இரண்டு நிமிஷத்தில் ஒரு கிராமத்துப் பெண்கள் கூட்டமே பாடுகிற மாதிரி ஆகிவிடும், பார்த்தால் நிற்பது ஒரே பெண். 2024இல் முழு ஆல்பம் வந்தது. சேர்ந்து பாடிய கூட்டம் கலைந்துபோனதும், நகரத்து அறையில் தனியாக இருக்கும் ஒருத்தி அந்தக் கூட்டத்தை மெஷினால் செய்துகொள்வதும் ஒரே பாட்டில் கேட்கிறது எனக்கு. இது என் கற்பனையாகவும் இருக்கலாம், அவர் வெறும் செலவு மிச்சம் என்று நினைத்திருக்கலாம்!

ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் போர்ச்சுகல் ஜெயித்த பாட்டும் இந்த வகைதானா? – வாசகி, பெங்களூரு

2017இல் சல்வடோர் சோப்ரல் பாடியது. அருமையான பாட்டு, அக்கா லுயிசா எழுதியது, 1964லிருந்து கலந்துகொண்ட நாட்டுக்கு அதுதான் முதல் வெற்றி. ஆனால் அது ஜாஸ் பக்கம் சாய்ந்த பழைய பாணிக் காதல் பாட்டு. இந்தப் பட்டியலில் சேராது.

இன்றைய போர்ச்சுகல் பாட்டுகளில் ஆப்பிரிக்கத் தாளம் நிறைய கேட்கிறதே, ஏன்? – வாசகர், கொழும்பு

அங்கோலா, மொசாம்பிக், கேப் வெர்டே எல்லாம் 1975 வரை போர்ச்சுகல் காலனிகள். அங்கிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் லிஸ்பனைச் சுற்றிய புறநகர்களில் வாழ்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு, ரயில் பிடித்து வேலைக்குப் போகிற கூட்டம், சாயங்காலம் ஜன்னல் வழியே வரும் குடூரோ. குடூரோ அங்கோலாத் தலைநகர் லுவாண்டாவின் அதிரடி நடன இசை. அதை எடுத்து உலகத்துக்குக் கொண்டுபோனது புராக்கா சோம் சிஸ்தெமா குழு, பெயரே ஒரு புறநகர்ப் பேட்டையின் பெயர்தான். 2008இல் வந்த அவர்களுடைய ‘சவுண்ட் ஆஃப் குடூரோ’வில் ஒரு குரல் நமக்குத் தெரிந்த குரல்: எம்.ஐ.ஏ., நம் ஈழத்துக் குடும்பத்துப் பெண் மாயா அருள்பிரகாசம்.

இந்தத் தாளம் ஃபாடோவுக்குள்ளேயே வர ரொம்ப நாள் ஆகிவிட்டது. ஃபாடோ பாடகி மரீசா மொசாம்பிக்கில் பிறந்து மொராரியாவில் வளர்ந்தவர், ஆப்பிரிக்க ரத்தம் உள்ள ஒருவர் ஃபாடோவின் உச்சிக்கு வந்தாயிற்று. அப்புறம் 2022இல் ஆனா மோராவின் ‘காசா கில்யெர்மினா’, அங்கோலாக்காரப் பாட்டியின் பெயர் வைத்த ஆல்பம். கிசோம்பா, செம்பா என்ற அங்கோலா நடனத் தாளங்கள், குரலை மெஷினால் மாற்றும் ஆட்டோடியூன், நடுவில் கித்தாரா. பழைய ரசிகர்கள் சிலருக்கு எரிச்சல். எனக்கும் இரண்டு மூன்று பாட்டுகள் பளபளப்பு கூடிப்போனதாகத்தான் படுகிறது. ஆனால் அவர் இடுப்பு அசைகிற தாளத்தின் மேல் அந்தச் சோகக் குரலை வைக்கும்போது, வேண்டுமென்றே ஒட்டியதாகத் தெரியவில்லை, இரண்டும் ஒரே வீட்டில் இருந்தவைதான்.

எங்கள் ஊர்ப் பறங்கியர் கல்யாணத்தில் ஆடும் கஃப்ரிஞ்ஞாவும் ஃபாடோவும் சொந்தமா? – வாசகர், மட்டக்களப்பு

நேரடிச் சொந்தம் இல்லை, தேதியைப் பார்த்தாலே தெரியும். போர்த்துக்கீசியர் 1505இல் இலங்கைக்கு வந்து, 1658இல் யாழ்ப்பாணத்தையும் டச்சுக்காரர்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஃபாடோ என்ற பாட்டு லிஸ்பனில் தலைகாட்டுவதே 19ஆம் நூற்றாண்டில். ஆக போர்த்துக்கீசியர் வழியில் வந்த உங்கள் ஊர்ப் பறங்கியர் வயலினோடு, தங்கள் போர்த்துக்கீசியக் கிரியோல் மொழியில் பாடி ஆடுவது தனியாக வளர்ந்த கிளை. அதில் ஆப்பிரிக்கர் பங்கும் உண்டு, அவர்களை அழைத்த ‘காஃபிர்’ என்ற சொல் கஃப்ரிஞ்ஞா என்ற பெயரிலேயே இருக்கிறது. இலங்கையின் பைலா பாட்டும் அந்த வழியில் வந்ததுதான். உங்கள் கல்யாண வீட்டு வீடியோ ஏதாவது இருந்தால் கட்டாயம் பத்திரமாக வையுங்கள், அங்கே ஜாக்கொமெத்தி செய்த வேலையை இங்கே நீங்கள்தான் செய்யவேண்டியிருக்கும்.

இவ்வளவு எழுதுகிறீர்களே, உங்களுக்கு போர்த்துக்கீசியம் தெரியுமா? – வாசகர், திண்டுக்கல்

மாட்டிவிட்டீர்கள். பாட்டு வரிகளை மொழிபெயர்ப்போடு வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன். சொந்தமாகத் தெரிந்தது சாவி, ஜன்னல், மேஜை, அலமாரி, பாதிரி. உங்களுக்கும் அவ்வளவு தெரியும், எல்லாம் அவர்கள் இங்கே விட்டுப்போனவை. போன வாரம் இரவு விளக்கை அணைத்துவிட்டு ஓர் ஆல்பம் கேட்டுக்கொண்டிருந்தேன், ஃபாடோ விடுதியிலும் பாட ஆரம்பிக்கும்முன் விளக்கைக் குறைத்து, பேச்சை நிறுத்தச் சொல்வார்கள். பாதிப் பாட்டில் ‘ஜனேலா’ என்று ஒரு சொல் தெளிவாக வந்து விழுந்தது. பக்கத்தில் படுத்திருந்த என் மனைவி தூக்கக் கலக்கத்தில், “ஜன்னல்தானே? சாத்தியாச்சு” என்றார்.